முடிவை ஏன் சொன்னீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுவர் நாவல் விமர்சனத்தைப் படித்து மனம் நொந்து எழுதுகிறேன். விடுமுறைக்குப் பழைய வீட்டுக்கு வரும் பிள்ளைகள், தாத்தாவின் பூட்டிய பெட்டி, வீட்டில் யாரும் பெயரெடுக்காத ஒரு சித்தப்பா என்று தொடங்கிய விமர்சகர், நான்காவது வரியிலேயே புதையல் எங்கே இருக்கிறது, ஒளித்துவைத்தவர் யார் என்பதை எழுதிவிட்டார். போதாததற்கு, “குழந்தைகள் கதைதானே, மறைக்க என்ன இருக்கிறது?” என்று ஒரு வாக்கியம் வேறு.

என் பேத்தி அப்போது பாதிப் புத்தகத்தில் இருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் மாடியில் ஐந்து சன்னல்கள், உள்ளே நான்குதான். அப்படியானால் ஓர் அறை மறைந்திருக்கிறது என்று கதைப் பிள்ளைகளுக்கு முன்பே கண்டுபிடித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டை வரைந்து அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டியிருந்தாள். மேசைமேல் கிடந்த உங்கள் இதழைப் புரட்டினாள். “சித்தப்பாதான் வைத்தாரா பாட்டி?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடியவள் இன்னும் திறக்கவில்லை.

துப்பறியும் நாவலுக்கு விமர்சனம் எழுதினால் கொலையாளியின் பெயரைப் போடுவீர்களா? பெரியவர்களுக்குக் காட்டும் அந்த மரியாதை சின்னஞ்சிறு வாசகர்களுக்குக் கிடையாதா?

குடும்ப ரகசியம் குழந்தைகளுக்குப் புதிதும் அல்ல. தாங்கள் உள்ளே வந்ததும் பெரியவர்களின் பேச்சு நிற்பதையும், ஆல்பத்தில் ஒரு படம் மட்டும் பிய்க்கப்பட்டிருப்பதையும் பார்த்தே வளர்கிறார்கள். என் அப்பாவின் தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கும் வரவில்லை. இந்தக் கதையின் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்காகவே இந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கினேன்.

ஆங்கிலத்தில் எழுதிய ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சனின் புதையல் தீவுக் கதை பிறந்த விதம் தாங்கள் அறியாததல்ல. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மழையால் வீட்டுக்குள் முடங்கிய விடுமுறையில், மனைவியின் 13 வயது மகனோடு பொழுது போக்கியபோது உருவான ஒரு தீவு வரைபடத்திலிருந்து அது வளர்ந்தது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளரான ஸ்டீவன்சனின் தந்தை, கதையில் வரும் மாலுமியின் பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருள்களுக்குப் பட்டியலே எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டே அது சிறுவர் இதழில் தொடராக வந்தது. நூலாக்கும்போது வரைபடம் தொலைந்துபோக, கதையின் குறிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று. சிறுவர் கதைக்கு அவர்கள் காட்டிய சிரத்தை அது. உங்கள் விமர்சனத்திலோ, இந்த நாவலுக்கு அழகான வரைபடம் தீட்டிய ஓவியரின் பெயர்கூட இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. இரண்டு பக்கமாக வந்த சிறுவர் பகுதி ஒரு பக்கமானது, பிறகு குறுக்கெழுத்துக்கு அடியில் ஒரு மூலையானது, பிறகு காணாமலே போனது. அப்போது வருத்தத்தோடு நான் எழுதிய கடிதத்தில் தொடக்கத்தில் இருந்த பாராட்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். நெடுநாள் வாசகி என்ற உரிமையில் அதையும் பொறுத்துக்கொண்டேன். சிறுவர் நூல்களுக்கு விடுமுறைக் காலத்தில் மட்டும் இடம் ஒதுக்குவதையும் பொறுத்துக்கொண்டேன். படிக்கும் குழந்தையின் கையிலிருந்து கதையைப் பறிப்பதைப் பொறுக்க முடியவில்லை.

இனி முடிவைச் சொல்லும் விமர்சனம் என்றால் தலைப்புக்குக் கீழே அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் அந்த ஓவியரின் பெயரை வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி