சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

சென்சாருக்கும் செயலிக்கும் நடுவில் ஓடும் மென்பொருளான மிடில்வேரை எழுதுகிறவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர் "இன்சுலின் போடும் நேரம்" என்று சத்தமாகச் சொன்னது. தனக்குச் சர்க்கரை இருப்பதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அந்த ஸ்பீக்கர் போன்களை வைத்துத்தான் ஊகிக்கிறது. விருந்தாளிகளின் போன் எதுவும் அதன் கண்ணில் படவில்லையா? பட்டிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் போன்களும் நாள் முழுக்க அதற்குத் தெரிகின்றன, அதனால் தெரியாத போன் என்றாலே கணக்கில் எடுப்பதில்லை. புளூடூத் சிக்னலின் வலுவை வைத்துத் தூரத்தை ஊகித்தால் இப்படித்தான் ஆகும். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், நாலரை அங்குலச் செங்கல் சுவரை அது எளிதாகத் தாண்டிவிடும். எதிர் சோபாவில் போனைப் பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்திருப்பவர் தூரத்திலும், சுவருக்கு அந்தப் பக்கம் மேசைமேல் கிடக்கும் போன் பக்கத்திலும் இருப்பதாகத் தெரியலாம். கேம்பிரிட்ஜ் ஒலிவெட்டி ஆய்வகத்தின் ஆக்டிவ் பேட்ஜ் பற்றி ராய் வான்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் எழுதினார்கள். சட்டையில் குத்திய அந்த பேட்ஜ் 15 வினாடிக்கு ஒருமுறை அகச்சிவப்பில் சிக்னல் அனுப்பும், அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது என்பதால் ஆள் எந்த அறையில் என்பது தானாகவே தெரிந்துவிடும். 'பக்கத்தில்' என்றால் மீட்டர் கணக்கு மட்டும் இல்லை, ஒரே அறைக்குள் என்பதும்தான். இதை அன்றே சரியாகப் பிடித்திருந்தார்கள்.

அப்புறம் உறவு. நாங்கள் பயன்படுத்தும் செயலியில் உரிமையாளர், உறுப்பினர், விருந்தினர் என்று மூன்றே வகை. அம்மா மாத்திரை போடாவிட்டால் டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு எச்சரிக்கை போகிறது, எங்கள் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போவதில்லை. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் கதவைத் திறந்து இரண்டு நிமிடத்தில் அம்மா முன்னால் நிற்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இதை ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகச் சமாளிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இடத்தையும் உறவையும் சேர்த்துப் பார்க்கிற வேலை உங்கள் மிடில்வேர் அடுக்கில் நடக்க வேண்டும். "அம்மாவோடு இப்போது அறையில் இருப்பவர்கள் முன்னால் இதைச் சொல்லலாமா?" என்று செயலி கேட்டால் ஆம், இல்லை என்ற பதில் மட்டும் போகட்டும்; யார் எங்கே நிற்கிறார் என்ற விவரம் அதற்கு எதற்கு? சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றே அந்த உறவும் பட்டியலிலிருந்து போய்விட வேண்டும். அந்தப் பட்டியலைத் திருத்தும் உரிமை, காசு கொடுத்துக் கருவியை வாங்கிய என்னிடம் இல்லாமல் அம்மாவிடம் இருக்கும்படி செய்யுங்கள்.