கொள்ளுப்பாட்டி நீட்டிய ஆப்பிள்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள தமிழரசிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே விட்டு விட்டு மழை, இரண்டு நாள் மின்சாரமும் இல்லை. இன்றுதான் நிதானமாக உட்கார முடிந்தது. அம்மா நலம். காது மட்டும் முன்னைவிட மந்தம். மகன் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதால் பேத்தி யாழினி இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஏழு வயதுக் குழந்தை ஓடியாடும்போது இந்தப் பழைய வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது.

இங்கிலாந்தில் உன் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண் தன்னை விக்கா மார்க்கத்தைச் சேர்ந்தவள் என்று சொன்னதையும், பௌர்ணமி இரவில் அவள் தோட்டத்தில் நாலைந்து பேர் மெழுகுவர்த்தி ஏற்றி வட்டமாக நின்றதையும் எழுதியிருந்தாய். பேரனை அந்தப் பக்கம் விடலாமா, அவன் பார்க்கும் மந்திரப் படங்களையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். உன் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் இந்த மாதம் அதே கேள்வி வேறு வழியாக வீட்டுக்குள் வந்தது.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விக்கா என்பது நம் பாட்டி காலத்தில் பெயர்கூட இல்லாத மார்க்கம். ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர்தான் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். நம் மக்கள் கொழுந்து பறித்த அதே மலைகள். பிறகு மலாயாவில் அரசு உத்தியோகம், ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து. 1735-ஆம் ஆண்டின் மாந்திரீகச் சட்டத்தை அந்த நாடு 1951-இல் நீக்கியது. மூன்று ஆண்டு கழித்துத் தம் புத்தகத்தை வெளியிட்டார். அவர்களுக்கு ஒரு தேவி உண்டு, கொம்புள்ள ஒரு தேவன் உண்டு, ஆண்டுக்கு எட்டு விழாக்கள் உண்டு. நாம் தை பிறப்பதைக் கொண்டாடுவதுபோல் அவர்களும் சூரியன் திசை மாறும் நாளைக் கொண்டாடுகிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாதவரை உன் விருப்பப்படி நட என்பது அவர்கள் அடிப்படை நெறி. சாத்தான் கிறிஸ்தவத்தில் வருகிறவன். இவர்கள் அவனை வணங்குவதில்லை. நம் ஊரில் விட்ச் என்றாலே சூனியக்காரி என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். சூனியம் என்ற சொல்லுக்குள் ஏவலும் பில்லியும் பிறரைக் கெடுக்கும் நோக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பாதிப் பயம் அந்தச் சொல்லிலிருந்து வருகிறது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மா அரிவாள்மணை முன் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கினாள். தோல் சீவி, விதை எடுத்து, ஒரு துண்டை யாழினியிடம் நீட்டினாள். குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்கு ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "கொள்ளுப்பாட்டி சூனியக்காரி மாதிரியே இருக்கிறாள். அதைத் தின்றால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்" என்றாள். அதற்கு முந்தைய ஞாயிறுதான் தொலைக்காட்சியில் ஸ்னோ ஒயிட் பார்த்திருந்தாள். அதில் பொறாமை பிடித்த அரசி கிழவியாக உருமாறி வந்து, நஞ்சேற்றிய ஆப்பிளை நீட்டி ஸ்னோ ஒயிட்டை எழாத உறக்கத்தில் தள்ளுவாள். 1937-இல் வந்த படம், இன்றைக்கும் குழந்தையைப் பிடித்து ஆட்டுகிறது. அம்மாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் கூடத்துக்கு வந்து பார்த்தபோது நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள். துண்டின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

தமிழரசி, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தில் அந்த அரசி அழகாக இருக்கும்வரை குழந்தைகள் அவ்வளவு பயப்படுவதில்லை. கூன் விழுந்து, பல் போய், மூக்கில் மரு முளைத்துக் கிழவியாக மாறியதும்தான் அலறுகிறார்கள். அதாவது நாம் பயமுறுத்தப் பயன்படுத்துவது மந்திரத்தை அல்ல, முதுமையை. அதுவும் பெண்ணின் முதுமையை. அம்மாவுக்கும் கூன் உண்டு, தாடையில் முடி முளைத்த மச்சம் உண்டு. தெருவில் கைக்குழந்தை விடாமல் அழுதால் பழைய புடவையில் போட்டு மெல்ல உருட்டி உரம் எடுப்பாள். சளி பிடித்தால் பெரிய பானையில் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வேது பிடிக்கச் சொல்வாள். பானை, பச்சிலை, ஆவி, கிழவி என்று எல்லாவற்றையும் படத்தில் எடுத்து வைத்துப் பின்னணி இசையை மட்டும் மாற்றிவிட்டால் அவளும் சூனியக்காரிதான்.

உடற்குறையையும் இதே வேலைக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். 2020-இல் வந்த தி விட்ச்சஸ் படத்தில் சூனியக்காரியின் கையில் விரல்கள் குறைந்திருப்பதுபோல் காட்டினார்கள். பிறவியிலேயே அப்படிக் கை அமைந்தவர்கள் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அப்படி ஒரு குழந்தை வகுப்பில் இருந்தால் மறுநாள் அதன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

விக்காவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட குழந்தைப் படம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், 1999-இல் வந்த ஸ்கூபி டூ படம். அதில் ஒரு பாடகிக்குப் பதினாறில் ஒரு பங்கு விக்கா ரத்தம் இருப்பதாகவும், அதனால்தான் அவளால் மந்திரத்தைப் படிக்க முடிவதாகவும் வரும். ஒருவர் விரும்பி ஏற்கும் மார்க்கத்தை ரத்தத்தில் ஓடும் சாதியாக்கிவிட்டார்கள். தீயவளை அடக்குகிறவர்கள் விக்கா வழியினர் என்று காட்டிய நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தத் தவறு நம் ஊர் ஆளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது 1993-இன் ஹோகஸ் போகஸ் மேல்தான். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-இல் சூனியக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் பதினான்கு பேர் பெண்கள். நாலைந்து வயதுக் குழந்தை ஒன்றைக்கூட மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் நிரபராதிகள். அதே ஊரை வைத்து, அங்கே தூக்கிலிடப்பட்ட மூன்று சகோதரிகள் நிஜமாகவே குழந்தைகளின் உயிரை உறிஞ்சியவர்கள் என்று சிரிப்புப் படம் எடுத்தால், தூக்கிலிட்டவர்கள் செய்தது சரி என்றல்லவா ஆகிறது? 2012-இல் வந்த பாராநார்மன் இதைத் திருப்பிப் போட்டது. ஊரே பயப்படும் சூனியக்காரி யார் என்று தேடிப் போனால், பெரியவர்கள் பயத்தில் கொன்றுவிட்ட ஒரு சிறுமி நிற்பாள். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

இது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. பீகாரில் 1999-இல், ஜார்க்கண்டில் 2001-இல் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படி முத்திரை குத்தி ஊரைவிட்டே விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி தேவி, பிறகு தம்மைப் போன்ற பெண்களுக்காகவே உழைத்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

நினைவிருக்கிறதா, புதுச்சேரியில் படித்தபோது ஒரு ஆனிப் பௌர்ணமிக்கு நாம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போனது? மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தை நீ முந்தானையில் பிடித்தாய். என்னுடையது தரையில் விழுந்து நசுங்கியது. அங்கே நாம் கும்பிட்டது யாரை? அழகு வேண்டாம், பேயுரு போதும் என்று கேட்டு வாங்கிய பெண்ணை, காரைக்கால் அம்மையாரை. எலும்பு துருத்திய, பல் நீண்ட, மார்பு வற்றிய அந்த உருவத்தைத்தான் சிவன் அம்மையே என்று அழைத்தார். பழம் நீட்டும் பேயுருவப் பெண்ணைத் தாயாக்கி வைத்த ஊருக்குப் பக்கத்தில் வளர்கிற குழந்தை, சொந்தக் கொள்ளுப்பாட்டி தரும் பழத்துக்குப் பயப்படுகிறது. அந்தக் கதையை அவளுக்கு நான் சொல்லாமல் விட்டதுதான் என் தவறு.

அதனால் படங்களை நிறுத்தாதே. பேரனோடு உட்கார்ந்து பார். ஜப்பானியர் மியாசாகி 1989-இல் எடுத்த கிகி படத்திலிருந்து தொடங்கு. பதின்மூன்று வயதுப் பெண் துடைப்பத்தில் ஏறி வீட்டைவிட்டுக் கிளம்பி, கடலோர ஊர் ஒன்றில் ரொட்டிக் கடையில் தங்கி, வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். அவள் அம்மா ஊர் முதியவர்களுக்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கிறவள். அதைப் பார்த்ததும் யாழினி, "நம் கொள்ளுப்பாட்டி நொச்சி காய்ச்சுவதுபோல" என்றாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். 1939-இல் வந்த விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தின் பச்சை முகச் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், அதற்கு முன் மழலையர் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் தம்மைக் கண்டு பயப்படுவது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 1975-இல் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போய், அந்த உடையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்காட்டி, இதெல்லாம் நடிப்பு என்று புரியவைத்தார். எனக்கு அது நினைவுக்கு வந்தது. அம்மாவின் பல்செட் இரவில் எவர்சில்வர் டம்ளரில் கிடக்கும். யாழினி அதைக் கண்டாலே ஓடுவாள். வியாழன் காலை அவளை அம்மா பக்கத்தில் உட்காரவைத்தேன். அம்மா பல்செட்டை எடுத்து, கழுவி, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டினாள். நாலாவது முறை யாழினியே டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆப்பிளை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. நேற்று கொய்யா நறுக்கி நீட்டியபோது, முதலில் நீங்கள் கடியுங்கள் என்று சைகை காட்டினாள். அம்மா உள்ளே போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு வந்து ஒரு கடி கடித்தாள். மீதியை யாழினி வாங்கித் தின்றாள்.

ஆனிக்கு முன் ஊர் திரும்பிவிடுவாய் அல்லவா? பேரனையும் அழைத்து வா. நாலு பேரும் காரைக்கால் போகலாம். இந்தமுறை என் முந்தானை தயாராக இருக்கும்.

உன் அன்புத் தோழி,
மல்லிகா