படத்தில் இருப்பது சபார் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் செனகல் நாட்டு இசையைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அந்நாட்டுப் பாடகர் யூசு ந்தூரின் குரலைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுத ஒருவர் முன்வந்ததே மகிழ்ச்சி. ஆனால் ‘சபார் முரசு’ என்ற குறிப்போடு அச்சான படத்தில் இருப்பது ஜெம்பே என்ற வேறொரு முரசு. செனகலின் நடன இசையான ம்பலஹ் என்பது ‘மேற்கத்திய பாப் இசையில் ஆப்பிரிக்கத் தாளத்தைக் கலந்தது’ என்ற வரியோ உண்மையைத் தலைகீழாக்குகிறது. முதல் பிழையிலிருந்துதான் இரண்டாவது பிழை பிறந்திருக்கிறது.

படத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். ஜெம்பேக்கு அகன்ற கிண்ணம் போன்ற தலை, ஒடுங்கிய அடி. தோலை வளையத்திலும் கயிற்றிலும் இழுத்துக் கட்டி, இரண்டு கையாலும் தட்டுவார்கள். மாலி, கினி பக்கத்து மாந்தே மக்களின் கருவி அது. சபார் செனகலின் வோலோஃப் மக்களுடையது. ஒரே மரத்தைக் குடைந்த உடல், அதன்மேல் ஆட்டுத்தோல், விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் இறக்கிய ஏழு மர முளைகள். ஒரு கை வெறுங்கை; மறு கையில் ‘கலான்’ என்ற மெல்லிய நீளக் குச்சி. முளையும் குச்சியும் இல்லாத படத்துக்கு சபார் என்று பெயர் போடக் கூடாது.

சுருதி சேர்ப்பதும் அந்த முளைகளால்தான். முளையை உள்ளே தட்டி இறக்க இறக்கத் தோல் இறுகும். ஒரே பக்கத்து முளைகளை அடித்துக்கொண்டே போனால் தோல் கோணலாக இழுபட்டு, ஓரத்துக்கு ஓரம் ஒலி மாறும். எதிரெதிர் முளைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வர வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம். தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். வெயிலில் காட்டினால்தான் பழைய கணீர் ஒலி திரும்பும். ஏற்கெனவே நன்றாக இறுக்கிய தோலை வெயிலில் மறந்து விட்டுவிட்டால், அடுத்த பலத்த குச்சியடியில் கிழியும்.

சபார் என்பது ஒரு கருவியின் பெயர் மட்டுமல்ல; அந்தக் குழுவுக்கும், அதைச் சுற்றி நடக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். உயரமான ஒல்லி முரசு ‘ந்தேர்’. தலைமை வாசிப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். நடுத்தர உயரம் ‘ம்பெங்-ம்பெங்’. எல்லாவற்றிலும் குட்டை ‘துங்குனே’. அடிப்பக்கம் அடைத்த ‘சோல்’, ‘லாம்ப்’ இரண்டும் அடிவயிற்று ஒலி தருபவை. இதை வாசிப்பவர்கள் ‘கேவெல்’ குடும்பத்தார். புகழ் பாடுவதும் குலவரலாறு சொல்வதும் முரசும் தந்தை வழி, தாய் வழியாக வரும் தொழில். அந்த மரபில் வந்த தூதூ ந்தியாய் ரோஸ் (1930–2015) புது முரசுகளையும் புதுத் தாளத் தொடர்களையும் உருவாக்கியவர். பெண்களை முரசடிக்க வைத்து ஒரு குழுவே அமைத்தவர். கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லாதது பெரிய குறை.

இனி ம்பலஹ். இந்தச் சொல் 1970களில் யாரோ புதிதாகப் புனைந்த பெயர் அல்ல. சபார் குழுவில் ம்பெங்-ம்பெங் முரசு விடாமல் வாசிக்கும் அடித்தாளத்துக்கே ம்பலஹ் என்று பெயர். ஆழமான அடி ‘கின்’, அறைந்து எடுக்கும் அடி ‘பஹ்’ என்று அவர்களுக்கும் வாய்ச்சொற்கட்டு உண்டு. கவோலாக், செபு ஜென், லெம்பெல், பார் ம்பாய் என ஆட்டத்துக்கு ஒரு தாளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ம்பலஹ். அதன்மேல் தலைமை முரசுக்காரர், ஆடுபவரின் காலையும் இடுப்பையும் பார்த்துப் பார்த்து வாசிப்பார். சைகை வந்ததும் மொத்தக் குழுவும் ஒரே குரலாக ‘பாக்’ என்ற நீண்ட தொடரில் இறங்கும்.

நகரத்து நடனக் கூடங்களில் நடந்தது என்ன? 1960இல் விடுதலை கிடைத்தபோது தலைநகர் டக்காரில் ஒலித்தது கியூப இசை. இப்ரா காஸே நடத்திய ‘மயாமி’ என்ற நடனக் கூடத்தில் ‘ஸ்டார் பாண்ட்’ குழு வாசித்தது. பாடல்கள் பல ஸ்பானிய மொழியில். 1970இல் வந்த ஆர்கெஸ்ட்ரா பாவோபாப் அந்தக் கியூப நடையிலேயே வோலோஃப் பாட்டையும் கேவெல் மரபுக் குரலையும் கொண்டுவந்தது. 1970களின் இறுதியில் எத்வால் த டக்கார் போன்ற குழுக்களில் சபாரும், அக்குளில் இடுக்கி வாசிக்கும் ‘தமா’வும் மேடைக்கு நடுவே வந்தன. அதற்குப் பிறகுதான் முக்கியமான மாற்றம்: ம்பெங்-ம்பெங் செய்த வேலையைக் கிட்டாரும் கீபோர்டும் பங்குபோட்டுக்கொண்டன. 1980களின் ஒலிப்பதிவுகளில் மரக்கட்டை தட்டுவது போல் ஓடும் அந்தக் கீபோர்டு ஒலியைக் கேளுங்கள். இசை அலங்காரமாகத் தோன்றும், ஆனால் அது முரசின் பங்கு. பாப் இசைக்குள் முரசு நுழையவில்லை. முரசுக் குழுவுக்குள் கிட்டார் வந்து உட்கார்ந்தது.

இது தெரியாமல் கேட்டால் தாளம் பிடிபடாது. ‘ஒழுங்கற்ற தாளம்’ என்று கட்டுரையாளர் எழுதியதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கனத்த அடி விழும் இடத்தை முதல் அடி என்று எடுத்துக்கொண்டு கைதட்டினால், நான்கே சுற்றில் தவறிவிடும். மூன்றாகப் பிரியும் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரியும் எண்ணிக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. கண்ணால் பார்க்கும் வாய்ப்பிருந்தால் ஆடுபவரின் பாதத்தைப் பாருங்கள். எம்பிக் குதித்த கால் தரையில் படும் இடம் வழி காட்டும்.

இன்னொரு திருத்தம். ம்பலஹ் ‘கோரா யாழிலிருந்து பிறந்தது’ என்பதும் சரியல்ல. 21 நரம்புள்ள கோரா மாந்திங்கா மக்களுடையது. செனகலில் அதன் செழிப்பான நிலம் தெற்கே காசமான்ஸ். நாட்டுப்பண்ணே ‘கோராக்களை மீட்டுங்கள், பலஃபோன்களைத் தட்டுங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. சபார் அந்த வரியில் இல்லை. அதனால் குழப்பம் வருவது இயல்பே. வோலோஃப் மக்களின் நரம்புக் கருவி ‘ஹலம்’. வடக்கே போதோர் ஊர்க்காரரான பாடகர் பாபா மாலின் இசையோ ஃபுலானி மரபிலிருந்து வருவது. அதையும் ம்பலஹ் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டாம்.

அடுத்த இதழில் படத்தை மாற்றித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையின் இரண்டாம் பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு பக்கமாவது முரசுக்காரர்களுக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி