நகல் வீல் வாங்கலாம், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், கம்பெனி வீல் மாதிரியே வரும் நகல் அலாய் வீல்களைத் தொடவே கூடாது, அது சட்டவிரோதம் என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். செங்கோட்டையில் இருபது வருஷமாக வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் பெண்டு எடுக்க நகலும் வருகிறது, ஒரிஜினலும் வருகிறது. அதனால் நீங்கள் எழுதியதை என்னால் அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் அக்கா மகன் கனடாவில், மான்ட்ரியாலில் வேலை பார்க்கிறான். சேர்த்த காசில் 2001 மாடல் போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறான். (அந்தக் காசுக்குப் புளியரைப் பக்கம் வயல் வாங்கியிருக்கலாம் என்று அக்கா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.) அந்த ஊர் இருக்கிற க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப்போய்ப் பிடிமானத்தை விட்டுவிடும், அதற்காகத்தான். ஒரே வீலில் வருஷத்துக்கு ரெண்டு தடவை டயரைக் கழற்றி மாட்டினால் டயர் விளிம்பும் கெடும், கூலியும் ஆகும். அதனால் பனிக்கு என்று தனியாக ஒரு செட் வீலே வைத்துக்கொள்கிறார்கள். போர்ஷேயின் சொந்த வீல் நாலு வாங்க இவனுக்குக் கட்டுப்படியாகாது. நகல் வீல் படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, இது சரியா இருக்குமா?" என்று கேட்டான்.

படத்தில் இருந்தது 19 அங்குலம், முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. எனக்கு முகம் வேண்டாம், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றேன்.

விஷயம் முழுக்கப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வீல் எத்தனை கிலோ தாங்கும் என்று அங்கே அச்சில் வார்த்திருக்க வேண்டும். அந்த அளவு பின் அச்சுக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது, இந்த வண்டிக்கு எஞ்சினே பின்னால்தானே. ஜே.டபிள்யூ.எல். (JWL) என்ற ஜப்பான் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது தயாரிக்கிறவர்கள் தாங்களே சோதித்துப் போட்டுக்கொள்வது. பக்கத்தில் வி.ஐ.ஏ. (VIA) என்றும் இருந்தால்தான் வெளியே ஓர் இடத்தில் சோதித்துப் பதிவு செய்தது என்று அர்த்தம். தாங்கும் எடையை அச்சில் போடாத வீலை சும்மா கொடுத்தாலும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் பொருத்தம். அந்த 911-க்கு ஐந்து போல்ட், பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு, 130 மில்லிமீட்டர், நடு ஓட்டை 71.6 மில்லிமீட்டர். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு ஒரு வளையம் போட்டு ஓட்டலாம் என்று கடைக்காரர் சொல்வார். நம் ஊரில் சரி, அங்கே பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்புத் தண்ணீரில் அலுமினிய வளையம், வீல் உட்காரும் ஹப்போடு கடித்துக்கொண்டு மார்ச்சில் கழற்ற வராது. இன்னொன்று, போர்ஷே போல்ட் உட்காரும் இடம் பந்து மாதிரி உருண்டை, வெளிச் சந்தையில் வருகிற பல வீல்களில் இருப்பது கூம்புக் குழி. உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினாலும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சரியாகத்தான் சொல்லும், ஆனால் ஓட ஓடத் தளரும். எதுவானாலும் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

அளவில்தான் அவனோடு சண்டை. 19 போட்டால்தான் கார் காராக இருக்குமாம். அந்த மாடல் கம்பெனியிலிருந்தே 17 அங்குலத்தில், முன்னால் 205/50, பின்னால் 255/40 டயரோடு (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) வந்த வண்டி. அதனால் 17 போட்டால் வீலுக்குள் இருக்கிற பிரேக் காலிப்பர் இடிக்குமோ என்ற பயமே இல்லை. டயர் ஒடுங்கலாக இருந்தால் பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும், பக்கச் சுவர் உயரமாக இருந்தால் குழியில் இறங்கும்போது அடி வீலுக்குப் போகாது, டயரும் மலிவு. தண்ணீர் சாலை விரிசலுக்குள் போய் உறைந்து உறைந்து உருகுவதால் மான்ட்ரியாலில் குழிக்குக் குறைவே இல்லையாம். நம் புளியரை எஸ் வளைவில் கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டிப்பர்கள் செய்கிற வேலையை அங்கே பனி செய்கிறது. பளபளப்பும் வேண்டாம் என்றேன். கடைசல் போட்டுப் பளிச்சென்று விட்ட முகத்தில் மேல்பூச்சு ஓரிடத்தில் கீறினாலும் உப்பு உள்ளே புகுந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும். முழுக்கப் பெயிண்ட் அடித்த சாம்பல் நிறம் போதும்.

சட்டவிரோதம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். போர்ஷே, ஆடி கம்பெனிகளுக்கும் அகாசியா என்கிற இத்தாலிய வீல் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பழுதான வீலுக்கு மாற்றாக, நிறத்திலும் அளவிலும் ஒரிஜினலை அப்படியே ஒத்திருக்கிற நகலை அன்றைய சட்டப்படி நிபந்தனைகளோடு விற்கலாம் என்பது அதன் சாரம். அளவையோ நிறத்தையோ மாற்றினால் அந்தச் சலுகை கிடையாது என்றும் சொன்னது. அதெல்லாம் ஐரோப்பாவுக்கு, அதுவும் வடிவ உரிமை பற்றி மட்டும். வீல் எவ்வளவு தாங்கும் என்பது அதில் இல்லை. ஆனாலும் நகல் என்றாலே குற்றம் என்று எழுதுவது சரியில்லை.

நம் பக்கம் வேறு தொல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து பையன்கள் வருவார்கள். சின்ன காருக்குப் பெரிய நகல் வீல், ரிப்பன் மாதிரி டயர், மட்கார்டுக்கு வெளியே நாலு விரல் துருத்திக்கொண்டு நிற்கும். போன மழைக்கு வந்த ஒரு வீலில் ஆரக்காலின் அடியில் விரிசல், பின்னால் திருப்பினால் ஒரு எழுத்துகூட இல்லை. விற்ற கடையில் கேட்டதற்கு ரோடு சரியில்லை என்றார்களாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். அந்தப் பையனுக்கு அது தெரியவில்லை, எடை முத்திரை என்று ஒன்று இருப்பதும் தெரியவில்லை.

அடுத்த முறை எழுதும்போது ஒரு வீலின் பின்பக்கப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். வேண்டுமென்றால் என் பட்டறைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், நல்லதும் கெட்டதும் மூலையில் அடுக்கித்தான் இருக்கிறது.

மருமகன் 17-க்கு இறங்கி வந்துவிட்டான். நிறம் மட்டும் கறுப்புதான் வேண்டுமாம். சரி, உப்பு பூத்தால் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
செங்கோட்டை.