மழைக் கணக்குல இன்னொரு கட்டமும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தொண்டி பக்கத்துல கடலோர கிராமம், மானாவாரி நெல்லு, கொஞ்சம் முண்டு மிளகா, கூட பத்து இருபது ஆடு. ஐப்பசி பொறந்தா நம்ம பேப்பர்ல ஊர் வாரியா மழை எத்தனை மில்லிமீட்டர்னு வரும்ல, டீக்கடையில மொதல்ல அதத்தான் பாப்போம். அந்தக் கணக்கு பத்தித்தான் எழுதுறேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆவணி கடைசியில புழுதியில வெதச்சோம், நல்லா மொளச்சு வந்துச்சு, ஐப்பசியில ஒரு மழையும் கெடச்சுது, அதுக்கப்புறம் 22 நாள் ஒரு சொட்டு இல்ல, தூர் கட்டுற நேரத்துல நிலம் பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு. கார்த்திகை கடைசியில ரெண்டே நாள்ல கொட்டித் தீத்து கம்மா கலுங்கு வழிஞ்சு ஓடுது, வயல்ல பாதி பதரு. நிவாரணம் கேட்டுப் போனா ஒங்க பக்கம் சராசரி மழை பெஞ்சிருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க சொன்ன நம்பர் சரிதான்யா, அதான் வயித்தெரிச்சல்.

அக்ரி படிக்கிற அண்ணன் மகதான் இத சொன்னா. அமெரிக்காவுல கான்சாஸ்ல கோன்சா பிரெய்ரினு ஒரு பெரிய புல்வெளி, 1980லேர்ந்து ஆராய்ச்சி நடக்குது, வருச மழை சுமார் 835 மில்லிமீட்டராம். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு சுமார் 827, கிட்டத்தட்ட ஒண்ணுதான். அங்க 1998லேர்ந்து புல்லுக்கு மேல கூரை போட்டு, விழுற மழைய டேங்க்ல புடிச்சு, அதே தண்ணிய கொஞ்சமும் கொறைக்காம மறுபடி விட்டுருக்காங்க, ஆனா ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் உள்ள இடைவெளிய மட்டும் ஒன்றரை மடங்கா ஆக்கிட்டாங்க. பூமி சூடாக ஆக மழை இப்படித்தான் தள்ளித் தள்ளி, பெஞ்சா மொத்தமா பெய்யும்ங்கிறதுனால அத சோதிச்சுப் பாத்துருக்காங்க. மொத்த தண்ணி ஒண்ணுதான், ஆனாலும் மேல்மண்ணு காஞ்சு புல்லு வளர்ச்சி கொறஞ்சுபோச்சு. 2002லயே சயின்ஸ் பத்திரிகையில வந்துருச்சாம். அந்தப் புல்லுக்கு வேரு ஆறடிக்கு மேல ஆழம் போகும், அதுக்கே இந்த கதின்னா சாண் வேரு உள்ள நம்ம நெல்லு என்னத்த தாங்கும், ஆடு மேயுற புறம்போக்குல இருக்குற அருகம்புல்லு என்னத்த தாங்கும்?

அதுனால ஒங்ககிட்ட கேக்குறது, மில்லிமீட்டர் பக்கத்துல 'கடைசி மழை பெஞ்சு எத்தனை நாள்'னு ஒரு கட்டம் சேத்துப் போடுங்க. அது அச்சுல வந்தா நாங்க பேப்பரோட போய் கேக்கலாம். அப்புறம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் நமக்கு வறட்சி தாங்குற நெல்லு குடுத்த எடம், அவங்க அந்த மாதிரி கூரைய நம்ம உவர் மண்ணுல, நம்ம புழுதி வெதப்பு மேல ஒரு சீசன் போட்டுப் பாக்கணும். எத்தனை நாள் வரைக்கும் பயிர் தாங்கும், எந்த நாளோட போச்சுன்னு அவங்க எழுதிக் குடுத்தா நிவாரணம் குடுக்குறவங்க சராசரிய மட்டும் காட்டி எங்கள திருப்பி அனுப்ப முடியாது.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
திருவாடானை தாலுகா