அது குஞ்சு தூக்குற வல்லூறு இல்லீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க. போன வார இதழ்ல ஏற்காட்டுப் பறவைங்க பக்கத்துல, கருப்பு வெள்ளையா, தலையில கொண்டை நட்டுக்கிட்டு நிக்கிற ஒரு பறவை படம் போட்டு கீழ 'கோழிக்குஞ்சு தூக்கும் வல்லூறு'ன்னு எழுதியிருந்தீங்க. படம் சூப்பர்ங்க, எழுதினதுதான் தப்பு. அது ப்ளாக் பாஸான்னு ஒரு சின்ன வேட்டைப் பறவைங்க.

நான் நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்ல வேலை பாக்கறேன். பழம் பறிக்கிற சீசன்ல, கார்த்திகை மார்கழி குளிர்ல, சில்வர் ஓக் உச்சியில நாலஞ்சு சேந்து வந்து உக்காந்திருக்கும், பாத்துட்டே இருக்கும்போதே இலைக்குள்ள பாஞ்சு ஒரு வெட்டுக்கிளியையோ ஓணானையோ கவ்விட்டு மறுபடி அதே கிளைக்கு வந்துடும், காக்காவை விட சின்னது, இது எங்க கோழி தூக்க. குஞ்சு தூக்கறது வல்லூறு, ஆனா அதுக்கு கொண்டையே கிடையாதுங்களே!

பாஸா ஜாதியே சின்னது, மொத்தம் 5 தான். ஆப்பிரிக்காவுல ஒண்ணு, மடகாஸ்கர்ல ஒண்ணு, இந்த ரெண்டுக்கும் குக்கூ ஹாக்னு பேரு. ஆஸ்திரேலியா, நியூகினி பக்கம் பசிபிக் பாஸா, அது குச்சிப்பூச்சி, மரத்தவளை எல்லாம் தின்னுட்டு அப்பப்ப பழமும் கொத்துமாம், வேட்டைப் பறவை பழம் தின்னா எப்படி இருக்கும் பாருங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் இருக்கறது ஜெர்டன் பாஸா, அந்தக் காலத்துல மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டன் பேருதான். உங்க படத்துல இருக்கறது வடகிழக்குல, இமயமலை அடிவாரக் காட்டுல கூடு கட்டிட்டு குளிருக்கு தெக்க வர்றது. அஞ்சுக்கும் மேல் அலகு ஓரத்துல பல்லு மாதிரி பக்கத்துக்கு ரெண்டு நீட்டிட்டு இருக்கும், பைரிங்கற (ஃபால்கன்) வேட்டைப் பறவைக்கு கூட பக்கத்துக்கு ஒண்ணுதான். உங்க படத்தை ஜூம் பண்ணி பாத்தா தெரியும்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, உங்க பக்கத்தை படிச்சுட்டு எங்க லைன் வீட்டு பையன் ஒருத்தன் கவட்டை எடுத்துட்டு சில்வர் ஓக் பக்கம் கெளம்பிட்டான், அவங்க வீட்ல ரெண்டு குஞ்சு காணாம போச்சாம், கீரியா இருக்கும்டான்னா கேக்கல, புக்லயே போட்டிருக்குன்னு என்கிட்டயே காட்டறான். புடுங்கி வெச்சிருக்கேன்.

அதனால அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க சார், மூலையில பொடி எழுத்துல வேணாம், அதே பக்கத்துல அதே படத்தோட போடுங்க. பையன் தினம் வந்து கவட்டையை கேக்கறான், புக் வரட்டும்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகலூர், ஏற்காடு