டெலவேர் ஆற்றின் இக்கரையிலிருந்து பென்சில்வேனியா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பென்சில்வேனியா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த ஜனவரி 2025இல் ஹாரிஸ்பர்க்கில் உங்கள் புதிய கூட்டத்தொடர் தொடங்குகிறது. அதிபர் தேர்தலில் ஓட்டை எண்ணுகிற விதியை மாற்றக் கேட்டு, கீழவையின் 203 பேர், செனட்டின் 50 பேர், எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் உங்கள் வாக்காளன் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் யூயிங்கில் குடியிருப்பவன். பத்து நிமிடம் கார் ஓட்டினால் உங்கள் பக்ஸ் கவுன்டி வந்துவிடும். உங்கள் பக்கம் வரும்போதுதான் பாலத்தில் சுங்கம். எங்கள் பக்கம் திரும்பக் காசு கிடையாது. எந்தக் கரைக்கு மதிப்பு அதிகம் என்பதைப் பாலம் கட்டியவர்கள் முன்பே கணித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இரவு ஏழரை மணி. அடுப்பில் தோசை. செல்பேசி அடித்தது. மறுமுனையில் ஒரு இளைஞர், என் மகளின் பெயரைச் சொல்லி, "பேசலாமா?" என்றார். மகள் பிலடெல்பியாவில் கல்லூரியில் படிக்கிறாள். விடுதி முகவரியைக் கொடுத்து அங்கேயே வாக்காளராகப் பதிந்துகொண்டாள். சட்டப்படி சரிதான். படிவத்தில் செல்பேசி எண் கேட்ட இடத்தில் என் எண்ணை எழுதிவிட்டாள். தேர்தல் நேரத்தில் எத்தனை அழைப்பு வரும் என்று தெரிந்தவள், கெட்டிக்காரி.

"அவள் இல்லை. நான் அவளோட அப்பா. எனக்கும் ஓட்டு இருக்கு, என்கிட்ட கேளுங்களேன்" என்றேன்.

"எந்த மாநிலத்தில் பதிந்திருக்கிறீர்கள், சார்?"

"நியூ ஜெர்சி."

ஒரு விநாடி சத்தமே இல்லை. பிறகு மரியாதையாகவே, "மகளை மறக்காமல் ஓட்டுப் போடச் சொல்லுங்கள், சார்" என்று வைத்துவிட்டார். தோசை கருகியிருந்தது.

எந்தக் கட்சிக்காரர் என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம். அடுத்த வாரமே இன்னொரு கட்சியிலிருந்தும் அழைத்தார்கள். அதே கேள்வி, அதே ஒரு விநாடி. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த பட்டியலை வைத்துப் பேசுகிறவர்கள். அந்தப் பட்டியலில் யார் இருப்பது, யார் இல்லாமல் போவது என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் எச்-1பி விசாவில் வந்தேன். கிரீன் கார்டுக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டு போய்த்தான் குடியுரிமை. வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிவிட்டு வெளியே வந்தால், வாசலிலேயே ஒரு மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டினார்கள். பேனா பிடித்த கை நடுங்கியது. ஊரில் இருந்தபோது தேர்தல் நாளில் தூங்கிக் கழித்தவன் நான்.

போன நவம்பர் 5ஆம் தேதி காலை நானும் மனைவியும் பக்கத்துப் பள்ளியின் ஜிம்மில் ஓட்டுப் போட்டோம். வரிசை இல்லை. உள்ளே போய் வெளியே வர நான்கு நிமிடம். சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மாலையில் மகள் அழைத்தாள். "ரெண்டு மணி நேரம் நின்னேன்பா, கால் போச்சு!" என்று அவள் சொன்னதில் அலுப்பே இல்லை. மூன்று வாரமாக அவள் விடுதி வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி நின்றிருக்கிறார்கள், டோனட் கொடுத்திருக்கிறார்கள், அவள் கருத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதுக்காரியிடம் ஒரு நாடே, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறது. எனக்குப் பெருமைதான். கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதற்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஒரே குடும்பம், ஒரே கடைசிப் பெயர், நடுவில் ஒரு ஆறு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்கள் அனுப்புகிற தேர்வாளர்கள். எங்கள் மாநிலத்திலும் உங்கள் மாநிலத்திலும் ஜெயித்தவருக்கே அத்தனை தேர்வாளர்களும். ஆகவே வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்குகிறவருக்கே தங்கள் தேர்வாளர்களைக் கொடுப்பது என்ற மாநிலங்களின் தேசிய மக்கள் வாக்கு உடன்படிக்கையில், பென்சில்வேனியாவையும் தயவுசெய்து சேருங்கள். நியூ ஜெர்சி 2008லேயே சேர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு மெய்ன் சேர்ந்ததோடு, சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் கணக்கு 209. அது பெரும்பான்மையான 270ஐத் தொட்டால்தான் உடன்படிக்கைக்கு உயிர் வரும். உங்கள் 19ஐச் சேர்த்தாலும் 228தான், தெரியும். ஆனால் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் சாயக்கூடிய ஊசலாடும் மாநிலங்களிலேயே பெரிய மாநிலம் நீங்கள். நீங்கள் அசைந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நீங்கள் ஏன் அசைய வேண்டும் என்று உங்களில் பலர் சிரிப்பது இங்கே கேட்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற இந்தக் கல்யாணத்தில் நீங்கள்தான் மாப்பிள்ளை வீடு. நாங்கள் மொய் எழுத மட்டும் அழைக்கப்பட்டவர்கள். பந்தியில் எங்களுக்கு இலை கிடையாது, மொய் நோட்டு மட்டும் வீடு தேடி வரும். "இன்று நள்ளிரவுக்குள் 25 டாலர் அனுப்புங்கள்" என்று எனக்கு வந்த குறுஞ்செய்திகளுக்கு அளவில்லை. அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் நானே என் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கவுன்டிக்குப் பிலடெல்பியா சேனல்கள்தான் வரும். ஈகிள்ஸ் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், ஆட்டத்தைவிட அதிகமாக உங்களுக்கான விளம்பரம். "பென்சில்வேனியக் குடும்பங்களே..." என்று கூப்பிடுகிறார்கள், அறையில் இருப்பது நானும் மனைவியும். நாங்கள் கொடுத்த மொய்யில் உங்களுக்குப் போட்ட விருந்தை எங்கள் வீட்டுத் திரையிலேயே காட்டினார்கள். தேர்தல் விளம்பரச் செலவில் நாட்டிலேயே முதலிடம் உங்களுக்குத்தான். வாழ்த்துகள்.

போதாததற்கு எலான் மஸ்க், தன் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு பத்து லட்சம் டாலர் என்று ஆரம்பித்தார். ஏழு ஊசல் மாநிலங்களில் பதிந்திருந்தால்தான் தகுதி. முதல் காசோலை உங்கள் ஹாரிஸ்பர்க்கிலேயே கை மாறியது. என்னை விலைக்கு வாங்கக்கூட யாரும் தயாராக இல்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

அக்டோபர் 16ஆம் தேதி கமலா ஹாரிஸ் வாஷிங்டன் கிராசிங்கில் பேசினார். நான்கு நாள் கழித்து டொனால்டு டிரம்ப் ஃபீஸ்டர்வில்லில் ஒரு மெக்டொனால்ட்ஸில் ஏப்ரன் கட்டி உருளைக்கிழங்கு பொரித்தார். இரண்டும் பக்ஸ் கவுன்டி. முதல் இடம் எங்கள் கரைக்கு நேர் எதிரே. 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் அங்கிருந்துதான் பனிக்கட்டி மிதந்த ஆற்றில் படகேறி இக்கரைக்கு வந்தார். எங்கள் யூயிங் வழியாக நடந்துதான் அவர் படைகள் டிரென்டனைப் பிடித்தன. அந்தக் குளிரில் அவர் கடந்த ஆறு, இன்றைக்குப் பாலம் இருந்தும் வேட்பாளர்களுக்குக் கடக்க முடியாததாக இருக்கிறது. மே மாதம் வைல்டுவுட் கடற்கரையில் டிரம்ப் கூட்டம் போட்டாரே என்பீர்கள். போட்டார். அதுவும் பிலடெல்பியா தொலைக்காட்சி எட்டும் தூரம்தான்.

வேட்பாளர் வராதது சின்ன விஷயம். அவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்பதுதான் பெரியது. செப்டம்பர் 10ஆம் தேதி பிலடெல்பியாவில் நடந்த விவாதத்தில், பாறையை உடைத்து எரிவாயு எடுக்கிற ஃபிராக்கிங் பற்றிப் பேச்சு வந்தது. 2019இல் தடை செய்வேன் என்ற ஹாரிஸ், தடை செய்ய மாட்டேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஏன்? எரிவாயு உங்கள் மண்ணில் இருக்கிறது, 19 ஓட்டும் உங்களிடம் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் யு.எஸ். ஸ்டீலை ஜப்பானிய நிறுவனம் வாங்கக் கூடாது என்பதில் டிரம்பும் ஹாரிஸும் ஒரே குரல். இந்த மாதம் 3ஆம் தேதி பைடன் அதைத் தடுத்தே விட்டார். இரண்டு கட்சியும் எதிலும் சேராது என்று யார் சொன்னது? நான் தினமும் நியூயார்க் போகிற ரயில் 1910இல் கட்டிய சுரங்கத்தில் ஓடுகிறது. 2012 சாண்டி புயலில் உப்புத் தண்ணீர் புகுந்து அரித்த சுரங்கம். போன கோடையில் எத்தனை மாலை அந்த ரயிலுக்காக நின்றேன் என்று கணக்கு வைக்கவில்லை. அந்த விவாத மேடையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சுரங்கம் உங்கள் மாநிலத்தில் இருந்திருந்தால் இரண்டு வேட்பாளரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்று பேட்டி கொடுத்திருப்பார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். போனதுதான் போனேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தபால் ஓட்டு உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்ற உங்கள் சட்டத்தால்தான் 2020இல் நாடு முழுக்கச் சனிக்கிழமை வரை நகம் கடித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு நாளில் கிளம்பிய வதந்திகள் இன்னும் அடங்கவில்லை. நாலு ஆண்டு அவகாசம் இருந்தும் உறை பிரிப்பதில்கூட உங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எங்கள் ஓட்டையும் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதை நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். தோற்றவன் புலம்பல் என்று இதை ஒதுக்க முடியாது. இந்த முறை டிரம்ப் தேர்வாளர் கணக்கில் 312, மொத்த ஓட்டிலும் அவரே முன்னிலை. எந்த முறையில் எண்ணினாலும் முடிவு அதேதான். மொத்த ஓட்டில் பின்தங்கியவரே ஜெயித்த 2000, 2016 போல, இப்போது விதியை மாற்றினால் யாருடைய வெற்றியையும் பறிப்பதாக ஆகாது. யார் மனமும் புண்படாமல் விதியை மாற்ற இதைவிட நல்ல நேரம் வராது. நியூ ஜெர்சியில் டிரம்புக்கு விழுந்த 19 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு ஒரு தேர்வாளரைக்கூடத் தரவில்லை. கலிபோர்னியாவில் அவர் வாங்கியது 60 லட்சம், உங்கள் மாநிலத்தில் வாங்கியதைவிட எவ்வளவோ அதிகம். அதற்கும் பூஜ்யம். உங்கள் மாநிலத்திலேயே ஹாரிஸுக்கு விழுந்த 34 லட்சம் என்ன ஆயிற்று? நகரங்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று அஞ்சுகிற கிராமப்புற உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2020இல் பைடன் உங்களிடம் 80 ஆயிரத்துச் சொச்ச வித்தியாசத்தில் ஜெயித்தபோது, உங்கள் தொகுதி விவசாயி டிரம்புக்குப் போட்ட ஓட்டு எந்தக் கணக்கில் சேர்ந்தது?

அதிகாரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே அரசியலமைப்பு விட்டிருக்கிறது. தொகுதிவாரியாகப் பிரிக்கலாம் என்று 2011இல் உங்கள் செனட்டிலேயே பேச்சு எழுந்ததே, அது எந்த அதிகாரத்தில்? வழக்கு வரும். வரட்டும்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பழைய கணக்கு ஒன்று. 1787 ஜூலை 17ஆம் தேதி பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு. நாட்டின் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று உங்கள் பிரதிநிதி கூவர்னர் மோரிஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு முன்பே ஜூன் மாதம் உங்கள் ஜேம்ஸ் வில்சனும் அதைச் சொல்லிப் பார்த்திருந்தார். வாக்கெடுப்பில் ஒன்பது மாநிலங்கள் எதிர்ப்பு. ஆதரித்தது ஒரே ஒரு மாநிலம், பென்சில்வேனியா. எதிர்த்தவர்களில் எங்கள் நியூ ஜெர்சியும் உண்டு. அன்று நாங்கள் செய்தது தப்பு, 2008இல் திருத்திக்கொண்டோம். நீங்கள் அன்று போட்ட ஓட்டையே இன்னொருமுறை போட்டால் போதும்.

தங்கள் அவைகளில் இந்த உடன்படிக்கை மசோதாவை விவாதத்துக்கு எடுத்து, வாக்கெடுப்பு நடத்தி, பென்சில்வேனியாவைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக் கூட்டத்தில் வெளியூர்க்காரரும் பேசலாம் என்றால் சொல்லியனுப்புங்கள், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹாரிஸ்பர்க் வருகிறேன். சுங்கம் நானே கட்டிக்கொள்கிறேன்.

2028 அக்டோபரிலும் கட்சிகளின் பட்டியலில் என் மகள் பெயருக்கு எதிரே என் எண்தான் இருக்கும். மாற்றச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். அன்று அழைக்கிற பையன், நான் எந்த மாநிலம் என்று கேட்க அவசியமே இல்லாமல் செய்யுங்கள், ஐயா.

மிக்க மரியாதையுடன்,
ஒரு நியூ ஜெர்சி வாக்காளன்,
யூயிங்.